பொட்டலம் எண் 214

காளான் திருடனைப் பிடித்துத் தரச் சொல்லி இதுவரை யாரும் கார்த்திகேசுவின் அலுவலகப் படி ஏறியதில்லை. ஓடிப்போன மாப்பிள்ளை, காணாமல் போன லோரி, கள்ளக் கையெழுத்துப் போட்ட மச்சான் என்று இருபது வருடமாக பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கீழே பூக்கடை, மாடியில் அவர். மல்லிகை வாசம் இலவசம். குளிர்ச்சிக்கு ஏர்கோன் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை வந்து உட்கார்ந்திருந்த இராஜம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மேருவிலிருந்து பஸ்ஸில் கிள்ளான், கிள்ளானிலிருந்து ரயில். கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்து அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா ஆன்டி?" என்று கேட்டாள் ஷாமினி.

"வேணாம்மா. தண்ணி குடிச்சா அழுதுடுவேன். மொதல்ல சொல்லி முடிச்சிடறேன்."

ஷாமினி கார்த்திகேசுவின் உதவியாளர். ஒரு காப்புறுதிக் கம்பெனியில் பத்து வருடம் அடுத்தவர் புகாரைக் கேட்டுக் கேட்டு, இனிமேல் நான் பேசுவதை மற்றவர்கள் கேட்கட்டும் என்று இந்த வேலைக்கு வந்தவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. அன்றைக்கு அவளே பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இராஜம்மா சொன்னது இதுதான். ஒரே மகள் மலர்விழி, இருபத்தொன்பது வயது. செராஸ் பக்கம் ஓர் ஆய்வு நிலையத்தின் ஹெர்பேரியத்தில் வேலை. காய வைத்த செடிகளையும் காளான்களையும் காகிதப் பொட்டலத்தில் போட்டு நூறு, இருநூறு வருடம் கெடாமல் காப்பாற்றும் இடம் அது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, உலு லங்காட் மலையடிவாரத்தில் பாசி படர்ந்த ஒரு மேட்டில் அவள் ஐந்தே ஐந்து காளான்களைப் பறித்தாள். மெழுகுத்தொப்பி என்று ஒரு வகை. தொட்டால் மெழுகு தடவிய மாதிரி இருக்கும். அதிலும் இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். அவளுடைய கணக்கில் 214ஆம் பொட்டலம். மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, ஹைவேயிலேயே அவள் போய்விட்டாள்.

"வீட்ல இருந்த பொட்டலத்தையெல்லாம் பெட்டியில போட்டு, ஒரு மாசம் கழிச்சு அவ ஆபீஸ் மேலதிகாரி டாக்டர்கிட்ட குடுத்தோம். அவரு மூணு வாரத்துக்கு முன்னாடி போன் பண்றாரு. 214ஐத் தொறந்தா உள்ள கடையில விக்கிற காஞ்ச காளான் இருக்காம். சூப்புல போடறது."

"அந்தப் பொட்டலம் அவ்ளோ முக்கியமாக்கா?"

"அது இருந்தாத்தான் அச்சுல வருமாம் தம்பி. மொதல்ல கண்டது மலர்விழின்னு. பொட்டலம் இல்லன்னா அப்படி ஒரு காளானே இல்லன்னு ஆயிடுமாம். என் மக பாக்கவே இல்லன்னு ஆயிடும்."

யார்மேல் சந்தேகம் என்று கார்த்திகேசு கேட்டார். அந்த டாக்டர் ராமசுப்பிரமணியன்மேல்தான். எடுத்து மறைத்துவிட்டு நாளைக்குத் தானே கண்டுபிடித்ததாக எழுதப்போகிறார். மேசைமேல் இருந்தது நிலையத்தின் இயக்குநருக்குப் புகார்க் கடிதம். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறார்.

"பொட்டலம் அங்க போய்ச் சேந்துச்சு. அது நிச்சயம்," என்றார் இராஜம்மா. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவையும் அதையே சொன்னார்.

அப்புறம்தான் அழுதார். காளான் என்றால் மலருக்கு உயிர், காட்டிலும் சரி, தட்டிலும் சரி. கேமரன் மலைப் பண்ணையிலிருந்து பொட்டலம் பொட்டலமாகக் காய்ந்த காளான் வாங்கி வருவாள். "பதினாறாம் நாள் படையல்ல கூட அதான் வெச்சேன். காளான் பிரட்டல், கேசரி. வேற என்ன தம்பி செய்ய முடியும் என்னால."

போகும்போது கைப்பையிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கார்த்திகேசுவிடம் கொடுத்தார். வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன் மடித்ததாம். மகள் போனதிலிருந்து மனுஷன் காலையில் கோயிலுக்குப் போனால் மத்தியானம்தான் வீடு திரும்புகிறார். கார்த்திகேசு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன்க்கா. என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லுவேன். என்கிட்ட வர்றவங்களுக்கு நான் பொய் சொல்றதில்ல."

"அதனாலதான் ஆன்டி இங்க ஏர்கோன் இல்ல," என்றாள் ஷாமினி. இராஜம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போயிற்று.

* * *

டாக்டர் ராமசுப்பிரமணியன் அவர்களை நிற்க வைத்தே பேசினார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் மூடியோடு.

"அந்தம்மா என்னைத் திருடன்னு சொல்றாங்க. நீங்க அதை நிரூபிக்க வந்திருக்கீங்க. தாராளமா பாருங்க."

"திருடினீங்களா இல்லையான்னு பாக்க வந்திருக்கோம் டாக்டர். வித்தியாசம் இருக்கு."

"காளான் திருடினா எத்தனை வருஷம் உள்ள போடுவாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கணும்," என்றாள் ஷாமினி.

டாக்டர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் வந்தார். நோட்டை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்ததைக் கார்த்திகேசு கவனித்தார்.

"மெழுகுத்தொப்பி பறிச்ச அன்னிக்குப் பாக்கணும் நீங்க. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு மின்னும். காய வெச்சா எல்லாம் ஒரே பழுப்பு. அதனால நிறம், வாசனை, தொட்டா வழுக்குதா இல்லையா, எல்லாத்தையும் அன்னிக்கே எழுதிடணும். மறுநாள்னு தள்ளிப் போட்டா போனது போனதுதான்."

214க்கான பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நிற அட்டையின் எண்கள் ஆங்கிலத்தில் வரிசையாக இருந்தன. ஓரத்தில் பென்சிலில் தமிழ்: தொப்பி, நேற்று செய்த கேசரி. விளிம்பு, கத்தரிப்பூ. தொட்டால் வெண்ணெய். வாசனை இல்லை.

"நம்பர் மட்டும் எழுதுன்னு சொல்வேன். கேக்க மாட்டா. நம்பர் மறந்துடும் டாக்டர், கேசரி மறக்காதும்பா."

அவர் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. ஷாமினி சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்க்கத் தொடங்கினாள்.

"எழுதி முடிச்ச அப்புறம்?" என்று கேட்டார் கார்த்திகேசு.

"ராத்திரி முழுக்க நாப்பது டிகிரி சூட்டுல காயும். காஞ்சதும் காகிதத்துல மடிச்சு, லேபிள் ஒட்டி, ஒரு வாரம் ஃப்ரீசர். பூச்சி முட்டை இருந்தா செத்துடும். அப்புறம்தான் பெட்டிக்குப் போகும். இங்க உள்ள ஃப்ரீசர் எப்பவும் நெறைஞ்சு கெடக்கும், அதனால அவ எல்லாத்தையும் வீட்லயே செஞ்சு முடிச்சு எடுத்துட்டு வருவா."

"வந்த பெட்டியை ஏழு மாசமா ஏன் தொறக்கல?"

டாக்டர் ஒரு பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பெட்டிமேல அவ கையெழுத்து. தொறந்தா வேலை ஆரம்பிக்கும், ஆரம்பிச்சா முடிஞ்சுடும். முடிய வேணாம்னு இருந்துச்சு. அதுக்கு உங்க சட்டத்துல தண்டனை உண்டுன்னா குடுங்க."

கார்த்திகேசு விரல் விட்டு எண்ணினார். சனிக்கிழமை பறித்தது. ராத்திரி காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மடித்து ஃப்ரீசரில் வைத்தது. செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. அன்றைக்கு மற்ற பொட்டலங்கள் எல்லாம் தங்கள் ஒரு வாரத்தை முடித்துப் பெட்டியில் ஏறியிருந்தன. 214 மட்டும் மேருவில் சமையலறை ஃப்ரீசரில் இருந்திருக்கிறது.

"213ஐயும் 214ஐயும் பக்கத்துல வைங்க டாக்டர்."

வைத்தார். 213இன் காகிதம் மூன்றாக மடிந்து, இரண்டு பக்கமும் பின்னால் மடங்கி, உறை மாதிரி இருந்தது. 212, 211, எல்லாம் அதே மடிப்பு. 214 அப்படி இல்லை. நான்கு பக்கமும் உள்பக்கம் மடங்கி, கடைசி முனை ஒரு பிளவுக்குள் செருகியிருந்தது. லேபிளை எங்கிருந்தோ கத்தரித்து எடுத்து இதில் ஒட்டியிருந்தார்கள். அதன் மூலையில் செங்கல் நிறத்தில் ஒரு கறை.

"அந்தக் கறை காளான் சாயமோ?"

"காஞ்ச காளான் காகிதத்துல சாயம் விடாது. என்னன்னு எனக்கும் புரியல."

ஷாமினி குனிந்து பார்த்தாள். "எனக்குப் புரியுது. பள்ளிக்கூடத்துல வெள்ளைச் சட்டைல குழம்பு ஊத்திக்கிட்டு, அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். மஞ்சக்கறை ரத்தம் மாதிரி சிவந்து போச்சு. அன்னிக்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. இது மஞ்சத்தூள் பாஸ். யாரோ சோப்புப் போட்டிருக்காங்க."

கார்த்திகேசு சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து 214க்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நான்கு பக்கமும் உள்ளே மடங்கி, கடைசி முனை செருகியிருந்தது இரண்டிலும்.



"பெட்டியை இங்க கொண்டாந்து குடுத்தது யாரு டாக்டர்?"

"அவ அப்பா."

ஷாமினி இரண்டு பொட்டலத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். வாசல்வரை வந்த டாக்டர் கார்த்திகேசுவின் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"ஒரு விஷயம். எங்க துறையில கண்டுபிடிச்சவங்க தன் பேரையே வெச்சுக்க மாட்டாங்க, வழக்கமில்ல. மலர் அதுக்கு அவங்கம்மா பேரை வைக்கணும்னு இருந்தா. அச்சாகி வந்தப்புறம் பக்கத்தைத் தொறந்து காட்டணும், அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க டாக்டர்னா. நான் இன்னும் விடல. அந்த மேட்டுக்கு ஆறு தடவை போயிட்டு வந்துட்டேன். பாசி இருக்கு. காளான் வரல."

காரில் ஏறியதும் ஷாமினி சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். "திருடன் கெடைச்சா சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன் பாஸ்," என்றாள்.

* * *

கிள்ளானில் ராதாகிருஷ்ணன் போகும் கோயிலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிக்காலப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பக்கவாட்டு மண்டபத்தில் ஒரு நீள மேசை. ஒரு தட்டில் திருநீறு, ஒரு பக்கம் வெட்டிய காகிதம், இன்னொரு பக்கம் மடித்து முடித்தவை ஒரு குவியல். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய ராதாகிருஷ்ணனின் தடித்த விரல்கள் பார்க்காமலே மடித்தன.

கார்த்திகேசு எதிரில் உட்கார்ந்தார். தான் யார் என்பதைச் சொன்னார். ஷாமினியின் கைப்பேசியை மேசைமேல் வைத்துப் படத்தைக் காட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

விரல்கள் நின்றன.

"அவதான் உங்களைப் போய்ப் பாத்தாளா?"

"ஆமாண்ணே."

"எனக்குச் சொல்லவே இல்ல." ராதாகிருஷ்ணன் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "பதினேழாம் நாள் காலையில குப்பையைக் கட்டி வெளிய எடுத்துட்டுப் போறேன். பை கிழிஞ்சு எல்லாம் கொட்டுது. வாழை இலை, வெங்காயத் தோலு. நடுவுல என் மக கையெழுத்து. 214ன்னு. சனிக்கிழமை காட்டுலேருந்து வந்தப்ப என் கையைப் புடிச்சு குதிச்சா தம்பி, அப்பா எரநூத்தி பதினாலு, எரநூத்தி பதினாலுன்னு. நம்பர் எனக்கு மறக்குமா."

"அக்கா ஃப்ரீசர்லேருந்து எடுத்திருக்காங்க."

"அவ தமிழ்ப்பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு. லேபிள் இங்கிலீஷ்ல இருக்கு. மலர் எப்பவும் வாங்கிட்டு வர காளானும் அதே மாதிரி காகிதப் பொட்டலத்துலதான் இருக்கும். புள்ள ஆசையா வாங்கி வெச்சிருக்கான்னு நெனச்சிருப்பா. கடைக் காளானோட சேத்துப் போட்டு ஆக்கிட்டா." "மகளோட கடைசி வேலையை அவ கையாலயே ஆக்கி, மகளுக்கே படைச்சிருக்கா. நானும் சாப்பிட்டேன். நல்லாருக்குன்னு வேற சொன்னேன். இதை எப்படி தம்பி நான் அவகிட்ட சொல்றது?"

ஷாமினி எழுந்து போய்த் தூண் பக்கம் நின்றுகொண்டாள்.

மீதிக் கதை சின்னது. லேபிளை மட்டும் கத்தரித்து எடுத்திருக்கிறார். மஞ்சள் பட்டிருந்தது, சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்தியது. மேருவில் சீனர் கடையில் காய்ந்த காளான் வாங்கி, தெரிந்த மடிப்பில் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். அலமாரியில் ஆயிரக்கணக்கான பொட்டலம் இருக்குமே, யார் இதைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"டாக்டர் பேர் கெடும்னு நெனச்சுப் பாக்கல தம்பி. அது தப்பு. திங்கக்கிழமை நானே போய் அவர் காலைப் புடிச்சுக் கேட்டுக்கறேன். ஆனா இவளுக்கு மட்டும் தெரிய வேணாம். புள்ளை போனதையே இன்னும் அவ முழுசா நம்பல. இது தெரிஞ்சா அவளும் போயிடுவா."

சொல்ல மாட்டேன் என்று கார்த்திகேசு வாக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் காலையில் கொடுத்த இன்னொரு வாக்கு நினைவுக்கு வந்தது.

காரிலிருந்து டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். கேட்டு முடித்த டாக்டர் சொன்னார், "எங்க அலமாரியில பூச்சி விழுந்து 214 போயிடுச்சு, பயந்துபோய் நான்தான் கடைக் காளானைப் போட்டு மூடி வெச்சேன்னு சொல்லுங்க. நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறவன். என் மேல போடுங்க."

"அப்புறம் எதுக்கு நீங்களே போன் பண்ணிச் சொன்னீங்கன்னு கேப்பாங்களே டாக்டர்."

"மனசு உறுத்துச்சுன்னு சொல்லுங்க. வயசானவங்களுக்கு உறுத்தும்லா."

"நல்ல பொய்தான்," என்றாள் ஷாமினி, வண்டியை மேருப் பாதையில் திருப்பியபடி. "ஆனா சொல்லப் போறது நீங்க. எனக்கு அதான் பயமா இருக்கு."

* * *

மேருவில் ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீட்டில் கடைசி வீடு. வாசலில் இன்னும் ஒரு பெண்ணின் ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. இராஜம்மா தேநீர் போட்டு, கூடவே முறுக்கும் வைத்தார். சமையலறைக் கதவு திறந்திருந்தது. வெள்ளை நிற ஃப்ரீசர் கார்த்திகேசுவின் நேர் எதிரில் நின்றது. அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சொன்னார். பூச்சி விழுந்தது, டாக்டர் பயந்தது, கடைக் காளான், உறுத்தல். ஒன்றும் விடாமல், அவசரப்படாமல் சொன்னார். இருபது வருடத்தில் முதல் பொய் என்றாலும் பழக்கப்பட்டவர் மாதிரியே வந்தது. டாக்டர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

இராஜம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தோள்கள் மெதுவாகத் தளர்ந்தன. மூன்று வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

"அப்ப பொட்டலம் அங்க போய்ச் சேந்திருக்கு."

"ஆமாக்கா."

"என் மக வெச்சது வெச்ச மாதிரியே போய்ச் சேந்திருக்கு."

"ஆமாக்கா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொட்டலத்துமேல அவ எழுதினது இருக்கும்ல? அதையாவது ஒரு தடவை பாக்கறேனே. போட்டோ புடிச்சீங்களா?"

புகார்க் கடிதம் இனி வேண்டாம் என்று ஆகிவிட்ட நிம்மதியில் ஷாமினி யோசிக்கவில்லை. கைப்பேசியை நீட்டிவிட்டாள். நீட்டிய கையைத் திரும்ப இழுக்கக் கார்த்திகேசு கண்ணைக் காட்டியபோது படம் இராஜம்மாவின் மடியில் இருந்தது.

இராஜம்மா முதலில் கையெழுத்தைப் பார்த்தார். விரலால் அதைத் தடவப் போய், திரையில் படம் பெரிதாகிவிட்டது. லேபிள் நகர்ந்து போய் மடிப்பு தெரிந்தது. செருகிய முனை தெரிந்தது. அவர் தலையைத் தூக்கிச் சாமி மாடத்தைப் பார்த்தார். அங்கே விளக்குக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையத் திருநீற்றுப் பொட்டலங்கள் இருந்தன.

கார்த்திகேசுவின் பொய் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"சுடுதண்ணியில ஊறப் போட்டப்ப," என்றார் இராஜம்மா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி ஆரஞ்சாப் போச்சு தம்பி. கேசரிப் பவுடர் கரைச்ச மாதிரி. கேமரன் காளான்ல அப்படி வராது. புள்ள புதுசா ஏதோ நல்ல வகை வாங்கியிருக்கான்னு நெனச்சேன். டாக்டர் போன் பண்ணி 214 இல்லன்னு சொன்னாரு பாருங்க, அப்பத்தான் அந்தத் தண்ணி ஞாபகம் வந்துச்சு."

"அக்கா…"

"ஆனா பொட்டலம்னு ஒண்ணு அங்க இருக்கே. லேபிளோட இருக்கே. அப்ப நான் ஆக்கினது வேற ஏதோவாத்தான் இருக்கணும், இதை யாரோ அங்கதான் எடுத்திருக்கணும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். யாராவது ஒரு திருடன் இருந்தா போதும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். பாவம், அந்த டாக்டர். அவரையும் பேசிட்டேன்."

அழுவார் என்று எதிர்பார்த்தார்கள். அழவில்லை. அதுதான் கார்த்திகேசுவால் தாங்க முடியாமல் இருந்தது. புகார்க் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்து, கிழித்ததைச் சீராக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்கு எப்பலேருந்து தெரியும்?"

"பதினேழாம் நாள்லேருந்து."

"எட்டு மாசம்." இராஜம்மா கைப்பேசியை ஷாமினியிடம் திருப்பிக் கொடுத்தார். "ராத்திரியில தூங்காம முழிச்சுக்கிட்டே கெடப்பாரு. மகளை நெனச்சுத்தான்னு இருந்தேன். எனக்காகவும் முழிச்சிருக்காரு."

வெளியே ஒரு மோட்டார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ராதாகிருஷ்ணன்தான். செருப்பைக் கழற்றும் நேரம் மட்டுமே இருந்தது. இராஜம்மா கிழிந்த கடிதத்தை நாற்காலி மெத்தைக்கடியில் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. பூச்சி விழுந்துடுச்சுன்னே இருக்கட்டும். அவ்ளோ கஷ்டப்பட்டு மடிச்சிருக்காரு. நான் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்."

ராதாகிருஷ்ணன் உள்ளே வந்தார். வந்திருப்பவர்களைப் பார்த்துப் பதறிப்போய்க் கார்த்திகேசுவின் கண்ணைத் தேடினார். கார்த்திகேசு லேசாகத் தலையை ஆட்டினார், சொல்லவில்லை என்று.

"வாங்க," என்றார் இராஜம்மா கணவரிடம், எப்போதும் போன்ற குரலில். "டாக்டர் ஆபீஸ் அலமாரியிலதானாம், பூச்சி சாப்பிட்டுடுச்சாம். யாரும் திருடலையாம். கையைக் கழுவிட்டு வாங்க, தேத்தண்ணி தரேன்."

ராதாகிருஷ்ணன் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கழுவிக்கொண்டே இருந்தார்.

வாசல் கேட்டுவரை இராஜம்மா கூட வந்தார். ஷாமினி ஆன்டியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி," என்றார் இராஜம்மா, கேட்டைப் பிடித்துக்கொண்டு. "புதுசாக் கண்டுபிடிச்சா அதுக்குப் பேர் வெப்பாங்களாமே. என்ன பேர் வெக்கணும்னு இருந்தா? டாக்டர்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா?"

கார்த்திகேசு அந்த முகத்தைப் பார்த்தார். உலு லங்காட்டில் இன்னும் பாசி இருக்கிறது. அடுத்த மழைக்கு வந்தாலும் வரும். வந்தால் அச்சான பக்கத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும், மகள் நினைத்தபடியே. இன்றைக்கு இந்தப் பெயரைச் சொன்னால், அந்த ஃப்ரீசர் இருக்கும் சமையலறையில் இந்த அம்மா இனி நிற்க முடியாது.

"இல்லக்கா," என்றார். "ஒண்ணும் சொல்லலையாம்."

இந்தப் பொய்யை இராஜம்மா நம்பினார்.